கொயினாவுக்கு ஒரு குடை

அப்போது நான் சுகாதார இலாகாவில் கம்பவுண்டர். காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து கொயினா மருந்துப் புட்டிகளைச் சுமந்துகொண்டு எங்கள் டாக்டரோடு கொல்லிமலை ஏறுவேன். மலை முழுக்கக் குளிர்காய்ச்சல். மருந்து இருந்தது, குடிக்கத்தான் ஆளில்லை. அவ்வளவு கசப்பு.

டாக்டருக்கு அதைவிடப் பெரிய வியாதி ஒன்று உண்டு. உலகப் பரிசு. நம் நாட்டில் வேலை பார்த்த வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் கொசுவின் வயிற்றைக் கிழித்துப் பார்த்து, காய்ச்சல் அதன் வழியாகத்தான் பரவுகிறது என்று கண்டுபிடித்தார். அதற்காகக் கடல் கடந்து அழைத்துப் பரிசு கொடுத்தார்கள். இந்தக் கதையை எங்கள் டாக்டர் ஊர் ஊராகச் சொல்வார். சொல்லும்போது அதில் பாதி தமக்கு வரவேண்டியது போல நெஞ்சு நிமிரும்.

ஓர் ஊரில், சாமை அறுத்துவிட்டு வந்து நின்ற பெண் ஒருத்தி குறுக்கிட்டாள்.

"ஏனுங்க, கொசு கடிச்சது எங்களை. பரிசு அவருக்குங்களா?"

"கண்டுபிடிச்சது அவரும்மா," என்றார் டாக்டர்.

"அப்ப இந்தக் கசப்பைக் குடிக்கிறவங்களுக்கு?"

கூட்டம் சிரித்தது. டாக்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஒரு வாரம் விடாம குடிக்கிறவங்களுக்கு என் குடையைத் தர்றேன்," என்றார். சீமைக் குடை. எங்களிடம் இருந்ததே அது ஒன்றுதான்.

அவள் தினமும் நாங்கள் தங்கிய இடத்துக்கு வந்து முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தாள். மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். வாரம் முடிவதற்குள் டாக்டரே காய்ச்சலில் படுத்துவிட்டார். இருந்த கம்பளியெல்லாம் போர்த்தியும் பல் கிடுகிடுத்தது. மனிதர் ஒரு சொட்டு கொயினாகூடக் குடித்ததில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் ஊற்றியதையும் துப்பினார். உலகப் பரிசு கிடக்கட்டும், ஆள் உயிரோடு மலையிறங்க வேண்டுமே என்று பயந்து அவளைக் கூட்டிவந்தேன்.

அவள் வந்ததும் அவர் மூக்கைப் பிடித்தாள்.

"குடிங்க சாமி. துப்புனா மறுக்கா ஊத்துவனுங்க."

இலாகாவில் மேலதிகாரிகூட அவரிடம் அப்படிப் பேசியதில்லை. குடித்தார்.

காய்ச்சல் விட்டதும் குடையை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். அவள் விரித்துப் பார்த்தாள். "இது நல்ல பரிசுங்க," என்று சொல்லிவிட்டு, அதைப் பிடித்துக்கொண்டே சாமைக் காட்டுக்குப் போனாள்.

அடுத்த ஊருக்குக் கொட்டும் மழையில் நனைந்துகொண்டே போய்ச் சேர்ந்தோம். அங்கே டாக்டர் உலகப் பரிசுக் கதையை எடுக்கவே இல்லை. முதல் டம்ளரை எல்லோர் முன்னாலும் தாமே குடித்தார். அவர் முகம் போன கோணலைப் பார்த்து ஊரே சிரித்தது. சிரித்து ஓய்ந்ததும் ஒரு கிழவர், "எனக்கும் ஊத்துங்க," என்று கையை நீட்டினார்.