பட்டனை விடுங்க சார்

போன செவ்வாய்க்கிழமை காலை ஒரு மீட்டிங்குக்கு என்னை அழைத்திருந்தார்கள். போலீஸ், தீயணைப்பு, பஸ் முதலாளிகள், தண்ணீர்ப் பந்தல் குழுவினர் என்று எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பேசுகிற மீட்டிங். பத்திரிகையில் எழுதுகிறவன் என்று மதித்துக் கூப்பிட்டிருக்கிறார்கள் போல என்று எண்ணி, இஸ்திரி போட்ட சட்டையோடு விளாங்குடியில் பஸ் ஏறினேன்.

போன பிறகுதான் தெரிந்தது. என்னைக் கூப்பிட்டது குற்றவாளி என்ற முறையில்!

என்ன குற்றம்? ஒரு ரப்பர் பேண்ட்.

சிரிக்காதீர்கள். அந்த ரப்பர் பேண்டால் என் மாமனாரின் உயிரே போயிருக்கும். போகவில்லை. அதனால்தான் இன்றைக்கு இதை உட்கார்ந்து எழுத முடிகிறது.

மாமனாரை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மனைவி கமலாவின் அப்பா. தந்தி ஆபீசில் முப்பது வருஷத்துக்கு மேல் 'கட்டுக் கடகட' தட்டி ரிட்டயர் ஆனவர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிவப்பு-நீலப் பென்சில் இருக்கும். சும்மா உட்கார்ந்திருந்தால் விரல் மட்டும் சும்மா இருக்காது... சாப்பாட்டு மேஜை, நாற்காலிக் கை, தன் முழங்கால் எதுவானாலும் தட்டிக்கொண்டே இருப்பார். வாழ்நாளில் ஒரு வெற்றிலை பாக்குகூடப் போடாதவர். ஒரே ஒரு வில்லங்கம், சர்க்கரை வியாதி. தினமும் காலையில் ஊசி.

இந்த வருஷம் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க குடும்பத்தோடு போயிருந்தோம். அன்று காலை மாமா ஊசியைப் போட்டுக்கொண்டார். இட்லியைத் தொடவில்லை. சாமி பார்த்த பிறகுதான் சாப்பாடு என்று சொல்லிவிட்டாராம். அதை எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் காதில் வாங்கியிருப்பேனா... அது வேறு கேள்வி.

கமலாவும் மாமாவும் ஆற்றங்கரைக்குப் போனார்கள். நான் தல்லாகுளத்திலேயே நின்றுவிட்டேன். கூட்டம் என்றால் எனக்கு மூச்சு முட்டும். தெரிந்தவரான கரீம் பாய் அங்கே ஒரு வேப்பமரத்தடியில் நீர்மோர்ப் பந்தல் போட்டிருந்தார். டவுனில் சர்பத் கடை வைத்திருப்பவர். வருஷா வருஷம் அழகருக்கு வருகிற கூட்டத்துக்கு மோரும் பானகமும் ஊற்றுவது அவர் அப்பா காலத்திலிருந்து வழக்கம்.

இந்த வருஷம் பந்தலில் ஒரு புதுமை. ஒரு வயர்லெஸ் செட்!

கூட்டம் அதிகம், டெலிபோனும் கிடையாது. அதனால் விழா நாட்களுக்கு மட்டும் பந்தல் குழு, பஸ் முதலாளிகள், ஆம்புலன்ஸ், காணாமல்போனவர்களைத் தேடும் போலீஸ் பூத் எல்லோருக்கும் ஆளுக்கொரு செட் கொடுத்திருந்தார்கள். செட்தான் தனித்தனி. பேசுகிற அலைவரிசை எல்லோருக்கும் ஒன்றே ஒன்று. ஒருவர் பேசும்போது மற்றவர் பேச முடியாது. பட்டனை அழுத்தினால் நாம் பேசலாம், விட்டால் அடுத்தவர் பேசுவது கேட்கும். அவ்வளவுதான் விஞ்ஞானம்.

கரீம் பாய் அதை என் கையில் கொடுத்தார்.

"அண்ணே, ஐஸ் வண்டி கோரிப்பாளையத்துல நிக்குது. ஒரு அரை மணி நேரம் இதைப் பாத்துக்கங்க. ஐஸ் வந்துச்சான்னு கேட்டா சொல்லுங்க. வந்துர்றேன்."

எனக்கா கசக்கும்? டெலிபோனுக்கு மனுப் போட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கிற ஆள் நான். கையில் ஒரு வயர்லெஸ்! நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தேன்.

பட்டன் கெட்டியாக இருந்தது. ஐந்து நிமிஷம் அழுத்தினால் கட்டைவிரல் வலிக்கிறது. இங்கேதான் நம் புத்தி வேலை செய்தது. வெளியூருக்கு டிரங்க் கால் போட்டுப் பேசிப் பழகியவர்களுக்குத் தெரியும்... லைன் கிடைப்பதே பெரிய பாடு. கிடைத்த லைனை விட்டால் போச்சு. இதுவும் அப்படித்தான் என்று நினைத்தேன். பட்டனை விட்டால் லைன் கட்டாகிவிடும்! பார்சல் பொட்டலத்தில் இருந்த ரப்பர் பேண்டை எடுத்து, பட்டன் மேல் இரண்டு சுற்றுச் சுற்றினேன். பிரமாதம். கையும் ஃப்ரீ, லைனும் கையில்.

செட்டை மோர்ப் பானைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, வந்தவர்களிடம் பேச ஆரம்பித்தேன்.

என்னவெல்லாம் பேசினேன்? மோரில் உப்பு தூக்கல் என்று பேசினேன். பெரிய மனிதர்கள் ஜீப்பை மட்டும் போலீஸ் ஆற்றுக்குள் விடுகிறது என்று பேசினேன். என் பத்தியை எங்கள் ஆசிரியர் வெட்டுகிறார் என்று ஒருவரிடம் புலம்பினேன். அவ்வளவும்... ஆற்றங்கரையிலிருந்து தல்லாகுளம் வரை எல்லா செட்டிலும் ஒலிபரப்பாகிக்கொண்டிருந்தது. என் வாழ்க்கையில் இத்தனை பேர் என்னைக் கேட்டதே இல்லை.

கமலா தனியாக வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அப்பாவைக் காணோங்க. கூட்டத்துல கையை விட்டுட்டேன். ஊசி போட்டுட்டு ஒண்ணும் சாப்பிடல அவரு."

அப்போதுதான் இட்லி கதை எனக்குத் தெரிந்தது. பயந்துபோனேன். வெளியே காட்டிக்கொள்ளவில்லை. பயப்படாதே, நம் கையில்தான் வயர்லெஸ் இருக்கிறதே என்று சொல்லி செட்டை எடுத்தேன். பெரியவர் ஒருவரைக் காணவில்லை, வெள்ளைச் சட்டை, மிகவும் கண்ணியமானவர், தல்லாகுளம் வேப்பமரத்துப் பந்தலுக்குத் தகவல் சொல்லுங்கள் என்றேன். கேள்விப்பட்டபடி 'ஓவர்' என்றும் சொன்னேன்.

பதில் இல்லை.

திரும்பச் சொன்னேன். பதில் இல்லை. மூன்றாவது தடவை கத்தினேன். ஊஹூம்.

பார்த்தாயா, அரசாங்க வேலை என்றால் இதுதான் என்று கமலாவிடம் கடுகடுத்தேன். அதையும் எல்லோரும் கேட்டார்கள். பதில் எப்படி வரும்? அங்கே நாலைந்து பேர் தொண்டை கிழியப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நான்தான் பட்டனைக் கட்டிப்போட்டு வைத்திருக்கிறேனே!

கமலா அழ ஆரம்பித்துவிட்டாள். நான் செட்டைத் தட்டுகிறேன், குலுக்குகிறேன், ஏரியலை இழுக்கிறேன். ரப்பர் பேண்டை மட்டும் கழற்றவில்லை. கழற்றினால் லைன் போய்விடுமே... இதை எழுதும்போதுகூட எனக்கு என்மேல் கோபம் வருகிறது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு ஏட்டு வந்தார். சட்டையெல்லாம் வியர்வை. ஓடி வந்திருக்கிறார். வேப்பமரத்துப் பந்தல் என்று நானே விலாசம் சொல்லியிருந்தேனே, அதை வைத்துத்தான் வந்திருக்கிறார். செட்டை வாங்கினார். ரப்பர் பேண்டைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். பேண்டை உருவி என் சட்டைப் பையில் போட்டார்.

செட் உயிர் பெற்றது. ஒருவர் மாற்றி ஒருவர் முண்டியடித்துப் பேசினார்கள். ஆம்புலன்ஸுக்கு வழி விடச் சொல்லி ஒரு குரல். சமயநல்லூர் பஸ் எங்கே என்று ஒரு குரல். யாருடைய செட்டையோ இரவல் வாங்கி, ஐஸ் வந்துவிட்டது என்று சொன்ன கரீம் பாயின் குரலும் கேட்டது. ஏட்டு எல்லோரையும் நிறுத்தச் சொன்னார். ஆற்றங்கரை பூத் மட்டும் பேசியது.

"இங்க ஒரு பெரியவர் குடிபோதையில கிடக்காரு. தள்ளாடிக்கிட்டு வந்தாரு, நிழல்ல படுக்க வெச்சிருக்கோம். பேரு கேட்டா உளறுறாரு. பாக்கெட்ல சிவப்பு நீலப் பென்சில். விரலால தரையைத் தட்டிக்கிட்டே இருக்காரு. யாருன்னு தெரியல. ஓவர்."

கமலா என் கையைப் பிடித்தாள். நான் ஏட்டு கையிலிருந்த செட்டைப் பிடுங்கிவிட்டேன்.

"அய்யா, அவர் குடிக்கல. என் மாமனாரு. சர்க்கரை வியாதி. ஊசி போட்டுட்டு சாப்பிடாம வந்துட்டாரு, உடம்புல சர்க்கரை ரொம்ப இறங்கிருச்சு, அதான் அப்படி இருக்காரு. இனிப்பு ஏதாவது குடுங்க. சர்க்கரை குடுங்க. சீக்கிரம் குடுங்க, சர்க்கரை..."

"பட்டனை விடுங்க சார்" என்றார் ஏட்டு. "நீங்க விட்டாத்தான் அவன் கேட்டானா இல்லையான்னு தெரியும்."

விட்டேன். என் வாழ்க்கையில் ஒரு பட்டனை விடுவதற்கு அவ்வளவு பயந்தது கிடையாது.

"சர்க்கரையா? இங்க எல்லார் கையிலயும் சர்க்கரைதான் சார் இருக்கு. ஓவர்."

உண்மைதானே! மதுரைக்காரர்களுக்கு விளக்க வேண்டாம்; வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன். அழகர் வரும்போது பெண்கள் சொம்பு நிறைய நாட்டுச் சர்க்கரை நிரப்பி, வாய்க்கு வாழையிலை கட்டி, மேலே சூடம் ஏற்றிக் காட்டுவார்கள். அன்று ஆற்றங்கரையில் இரண்டு பேருக்கு ஒருவர் கையில் சர்க்கரைச் சொம்பு. அத்தனை சர்க்கரைக்கு நடுவில், சர்க்கரை இல்லாமல் என் மாமா கிடந்திருக்கிறார். ஒரே ஒரு வார்த்தை அங்கே போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான் குறை.

யாரோ ஒரு அம்மா சொம்பை அப்படியே நீட்டினாராம். கான்ஸ்டபிள் தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டியிருக்கிறார். நாங்கள் மூச்சு வாங்க அங்கே போய்ச் சேரும்போது மாமா எழுந்து உட்கார்ந்திருந்தார். உதட்டில் சர்க்கரை ஒட்டியிருந்தது. சாமி இறங்கிவிட்டதா என்று கமலாவிடம் கேட்டார். நான் அந்த மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த கான்ஸ்டபிளுக்கு நன்றி சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் மாமா தெளிவாக இருந்தார். நடந்ததையெல்லாம் கமலா சொல்லிவிட்டாள், ஒன்றைத் தவிர. ஆனால் அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

"குடிகாரன்னு வயர்லெஸ்ல சொன்னாங்களாமே மாப்ள?"

தலையைக் குனிந்துகொண்டேன்.

"திருத்தம் அதே லைன்ல போச்சா?"

போச்சு மாமா, எல்லோரும் கேட்டார்கள் என்றேன். அப்படியே தலையணையில் சாய்ந்தார். சர்க்கரை குடித்தபோது வராத நிம்மதி அப்போதுதான் அவர் முகத்தில் வந்தது. பிறகு மெதுவாகச் சொன்னார். தந்தி ஆபீசிலும் ஒரே கம்பிதானாம். ஜவுளிக் கடைத் தந்தியும் அதில்தான் போகும், உயிர் போகிற தந்தியும் அதில்தான் போகும். உயிர்த் தந்தி வந்தால் மற்றதெல்லாம் ஓரமாக நிற்க வேண்டும். சொன்னால் நிற்பார்களாம். யாரும் கம்பியைக் கட்டிப்போட்டதில்லையாம். கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். பெரிய மனசு.

இதைத்தான் செவ்வாய்க்கிழமை மீட்டிங்கில் சொன்னேன். அங்கே ஏற்கெனவே காரசாரம். அடுத்த வருஷம் வியாபாரிகள் யாருக்கும் வயர்லெஸ் கிடையாது என்பது போலீஸ் கட்சி. அப்படியானால் கூட்டத்தை எப்படி ஊருக்கு அனுப்புவீர்கள், பஸ் நேரத்துக்கு வந்தால்தானே நெரிசல் குறையும், அதுவும் பாதுகாப்புதானே என்பது பஸ் முதலாளிகள் கட்சி. இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் சிக்கல்.

கரீம் பாய் எழுந்தார். மோர் இல்லாவிட்டால் பானகம் ஊற்றலாம், ஐஸ் இல்லாவிட்டால் தண்ணீர் ஊற்றலாம், ஆம்புலன்ஸுக்குப் பதிலாக எதை ஊற்றுவது என்று கேட்டார். செட்டை என் கையில் கொடுத்தது தன் தப்பு என்றும் சொன்னார். அதன்பிறகுதான் நான் எழுந்து, ரப்பர் பேண்டை மேஜைமேல் வைத்து, என் கதையைச் சொன்னேன். முதலில் சிரித்தவர்கள் சர்க்கரைச் சொம்பு வரும்போது சிரிக்கவில்லை.

கடைசியில் முடிவாயிற்று. மேலிடத்தில் கேட்டு இன்னொரு அலைவரிசை வாங்குவது. ஒன்று ஆம்புலன்ஸ், தீயணைப்பு, காணாமல்போனவர்கள்... இவர்களுக்கு மட்டும். அதில் ஐஸ், மோர், பஸ் எதுவும் நுழையக்கூடாது. இன்னொன்று நமக்கு, நாம் என்ன வேண்டுமானாலும் பேசலாம், உப்பு தூக்கல் என்றுகூட. செட் வாங்குகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாள் பாடம் உண்டு. பாடம் நடத்தப்போவது யார் தெரியுமா? அதே ஏட்டுதான். வெளியே வரும்போது என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மாமனார் எப்படி இருக்கிறார் என்று கேட்டார். நன்றாக இருக்கிறார் என்று சொல்ல முடிந்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று அவருக்குப் புரிந்திருக்கும்.

அந்த ரப்பர் பேண்ட் இப்போது எங்கே என்கிறீர்களா? ஒரு சின்ன சர்க்கரைப் பொட்டலத்தைச் சுற்றி, மாமாவின் சட்டைப் பையில், பென்சிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கமலாவின் ஏற்பாடு.

இந்தப் பத்தியை அச்சுக்கு அனுப்புமுன் மாமாவிடம் காட்டினேன். அவரைப் பற்றியது ஆயிற்றே. பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு, முதலிலிருந்து கடைசி வரை ஒரு வரி விடாமல் படித்தார்.

"இம்புட்டு எதுக்கு மாப்ள? 'குடிக்கவில்லை, சர்க்கரை கொடுக்கவும்.' மூணே வார்த்தை. முடிஞ்சுபோச்சு."

சரி மாமா... பட்டனை விட்டுவிட்டேன்.