டேப்பில் கேட்ட குரல்

எழுபதுகளில் நானும் தம்பியும் செங்கல்பட்டில் துணிக்கடை நடத்தினோம். என்னைக் கொல்லும்படி தம்பி யாரிடமோ சொல்வது வீட்டுச் சுவர் வழியே எனக்குக் கேட்கத் தொடங்கியது. பயத்தில் சோறு இறங்கவில்லை. மனைவி மும்தாஜ் என்னை மனநல டாக்டரிடம் அழைத்துப் போனாள். அவர் ஒரு டேப்ரெக்கார்டரைக் கொடுத்து, "குரல் கேக்கும்போது இதை அழுத்துங்க" என்றார்.

மறுநாள் மதியம் குரல் கேட்டதும் அழுத்தினேன்.

டாக்டர் அதை ஓடவிட்டபோது, "என்னை வுட்டுடு தம்பி" என்று கெஞ்சும் என் குரல் மட்டுமே வந்தது.

"தம்பி அப்ப கடைல இருந்தாரு. வூட்ல உங்களத் தவிர யாருமே இல்லீங்க" என்றாள் மும்தாஜ்.

"எனக்கு இன்னா ஆயிடுச்சு டாக்டர்?"

"இது ஒரு நோய். மருந்து இருக்கு."

தம்பியைக் குத்துவதற்காகத் தலையணைக்கடியில் வைத்திருந்த கத்தியை அன்றே மும்தாஜிடம் கொடுத்தேன். மாத்திரையில் குரல் மெல்ல ஓய்ந்தது. கத்தி விஷயம் தம்பிக்கு இன்றும் தெரியாது. அவன் என்னைப் பார்த்துச் சிரிக்கும்போதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொள்கிறேன்.