அல்லியிலையை வெட்டியது யார்?

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

புங்குடுதீவு மடத்துவெளியில், எங்கள் வீட்டு வளவின் பின்புறம் மாரியில் நிறையும் குளம் ஒன்று உண்டு. அதில் மலரும் வெள்ளை அல்லியை அதன் இலையிலேயே பொதிந்து கோயில் திருவெம்பாவைப் பூசைக்குக் கொடுப்பது எங்கள் குடும்ப வழக்கம். ஒருநாள் அம்மாவின் உபயம். மறுநாள் அடுத்த வளவிலிருந்த சின்னம்மாவின் உபயம்.

எனக்கு ஒன்பது வயதான மார்கழியில், அம்மாவின் உபயத்துக்கு முதல்நாள், இலைகளெல்லாம் வெட்டுண்டு கிடந்தன. நகமளவில், முட்டை வடிவில், விளிம்பு பிசகாத துளைகள். துளைபட்ட இலை சுவாமிக்கு ஆகாது. சின்னம்மாவோ சட்டை தைப்பவர்.

வெட்டியது யாரென்று நான் மட்டுமே அறிவேன். மிதந்த இலைத்துண்டொன்று தானாக நகரக் கண்டு, குளத்தில் இறங்கி எடுத்திருந்தேன். இரு துண்டுகளைப் பைபோல் ஒட்டி அதனுள்ளே ஒரு புழு வாழ்ந்தது. அதனை ஜாம் போத்தலில் இட்டுவைத்தேன். ஆனால் குளத்தில் இறங்கினால் பூவரசந்தடி பேசும் என்பது அம்மாவின் கட்டளை.

அன்று காலை, இரு வளவுக்கும் இடையே ஆள் நுழைய வேலியில் விட்டிருந்த பொட்டால் வந்த சின்னம்மாவை அம்மா மறித்தார்.

"ஊரிலை கத்தரிக்கோல் வைச்சிருக்கிறவள் நீதானேடி. உன்ரை உபயம் மட்டும் எடுப்பா நடக்கோணும் எண்டு நினைச்சனியோ?"

"ஓம் அக்கா, துணி முடிஞ்சுது. இப்ப அல்லியிலையிலைதான் சட்டை வெட்டுறன்" என்று சிரித்தார் சின்னம்மா.

அம்மா சிரிக்கவில்லை. அப்போது, நான் பாவாடை மடிப்பில் மறைத்திருந்த போத்தலில் சின்னம்மாவின் கண் விழுந்தது. உள்ளே இலைப்பை மெல்ல ஊர்ந்தது. என் நனைந்த பாவாடையைப் பார்த்தார். கூரை ஓரத்து இறப்பில் செருகியிருந்த தடியையும் பார்த்தார்.

"சரியக்கா, நான்தான் எண்டே வைச்சுக்கொள்ளுங்கோ" என்று சொல்லித் திரும்பிப் போனார்.

தப்பினேன் என்பதைத் தவிர எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

சில நாட்களின் பின் போத்தலிலிருந்து, வெள்ளை இறகில் பழுப்புக் கோடிட்ட சிறிய அந்துப்பூச்சியொன்று வெளிவந்தது. அதனைக் காட்டவென்று சின்னம்மாவிடமே ஓடினேன். வேலிப் பொட்டு ஓலையால் அடைக்கப்பட்டிருந்தது. யார் அடைத்தார்கள், ஏன் அடைத்தார்கள் என்று விளங்காமல் நின்றிருந்தேன். கையிலிருந்த பூச்சி பறந்துவிட்டது.

அக்காவும் தங்கையும் பிறகு பேசவேயில்லை. பேசாமலே இருவரும் காலமாயினர். சென்ற மாரியிலும் அதே குளத்தில் அதே துளைகளைக் கண்டேன்.

இலையை வெட்டியது சின்னம்மா அல்லர். இந்தத் தாளைத் தயவுசெய்து உங்கள் காப்பகத்தில் ஊர் ஆவணங்களோடு பத்திரப்படுத்தி வையுங்கள்.