வண்டி மை அன்று

நினைவு மலரில் புகழ் சற்று மிகுந்துவிடுவது இயல்பு. இதில் அது நேராது. நான் நேரில் கண்டதையும், கண்டோர் இருவரிடம் தனித்தனியே கேட்டு ஒத்துவந்ததையும் மட்டுமே எழுதுகிறேன். பொய்யான ஒரு வரியை ஏற்க மறுத்து வேலையை இழந்த அண்ணனைப் பற்றி, அவருடைய தங்கை உறுதியற்ற ஒரு வரி எழுதுவதும் தகாது.

அண்ணன் நாஞ்சில் நாட்டில் நெல் பயிரிடும் சைவக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா மறைந்தபின், என் படிப்பு நின்றுவிடலாகாது என்று, அருமனையை அடுத்த ரப்பர்த் தோட்டத்து ஆலையில் இயந்திரப் பணிக்குச் சேர்ந்தார். நாடு விடுதலை பெற்ற ஆண்டு அது.

உறைந்த ரப்பர்ப் பாலைத் தகடாக அழுத்தும் உருளை இயந்திரங்கள் இரண்டு அங்கே இருந்தன. பாலை உறையவைக்கும் அமிலம் எஃகை அரிக்கும் என்பதால், அவற்றின் அச்சுகளுக்குக் குரோமியப் பூச்சு இட்டிருந்தனர். ஆயினும் ஓயாது தெறிக்கும் நீரில் எண்ணெய் நில்லாது. அச்சு உராய்ந்து பூச்சு உரியும்.

அண்ணன் முதலில் தேங்காயெண்ணெய் கலந்து பார்த்தார். தலைக்கும் தாளிப்புக்கும் கதவுக் கீலுக்கும் நாம் அதைத்தானே இடுகிறோம்! சில வாரங்களில் அது காறிப் பிசினாகி அச்சைப் பிடித்துக்கொண்டது. பிழை தம்முடையதே என்று அவரே மேலாளரிடம் சென்று சொன்னதை, உடன் பணியாற்றிய செல்லையாவும் இன்னொரு பணியாளரும் உறுதிசெய்கின்றனர்.

பிறகு, பென்சிலுக்குள் இருக்கும் காரீயத்தை மாவாக அரைத்துத் துணியில் சலித்து, ஓர் இயந்திரத்தின் எண்ணெயில் மட்டும் கலந்தார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மற்றதைப் பழையபடியே விட்டார். பணிக்குறிப்பில் அக்கலவையை ‘மை’ என்று எழுதினார், அச்சொல்லே வினையாயிற்று. புதிதாக வந்த மேலாளர் அதை வண்டி மை என்று கொண்டார். வைக்கோற் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து வண்டி அச்சுக்கு இடுவோமே, அதை.

“இது என்ன, மாட்டுவண்டியா வே?” என்றார்.

“கரியானா பல்லுல கடிக்கும், சாரே. இது கடிக்காது, பாருங்க” என்ற அண்ணன், காரீயப் பொடியை வாயிலிட்டு மென்று காட்டினார். கறுத்த பற்களைக் கண்டு பட்டறையே சிரித்தது. மேலாளர் சிரிக்கவில்லை.

மழைக்காலம் முடிந்ததும் இரண்டு அச்சுகளையும் கழற்றினர். பழைய எண்ணெயில் ஓடியதன் பூச்சு செதில் செதிலாக உரிந்திருந்தது. காரீயம் இட்டதைத் துடைத்தபோது பூச்சு முழுதாக இருந்தது. செல்லையாவும் அப்பணியாளரும் இதைக் கண்டவர்கள்.

ஆனால் அண்ணன் அச்சைக் கெடுத்துவிட்டதாக மேலாளர் அதற்குள் தலைமையிடத்துக்கு எழுதிவிட்டார். ‘வண்டி மை இட்டு அச்சைக் கெடுத்தேன்’ என்னும் மன்னிப்புக் கடிதத்தில் ஒப்பமிட்டால்தான் வேலை நிலைக்கும் என்றனர் தலைமையிடத்தார்.

“ஒப்புப் போட்டுக் குடுத்திரு மக்கா, ஒரு வரிதானே” என்றார் செல்லையா.

அண்ணன் கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

“ஏட்டி, தமிழ் படிச்சவதானே. இதுல என்ன பிழைண்ணு பாத்துச் சொல்லு.”

நான் சந்திப்பிழை இரண்டைக் காட்டினேன்.

“பொய்யி ஒண்ணு கெடக்கே, அது பிழையில்லியா?”

நான் கற்ற இலக்கணம் தலைகுனிந்தது. மறுநாள் அண்ணன் கடிதத்தை ஒப்பமின்றி மேலாளரின் மேசைமேல் வைத்துவிட்டு வெளியேறினார்.

பின்னர் திருவட்டாற்றில் சிறு பட்டறை ஒன்றில் உழைத்தார். அங்கே ‘மைக்காரர்’ என்று கேலி செய்தனர். அவரோ எண்ணெய்த் தகரத்தின்மேல் ‘மை’ என்றே பெரிதாக எழுதிவைத்தார். பிடிவாதக்காரர் என்று உறவினர் சிலர் இன்றும் சொல்கின்றனர். ஆம், அவர் அப்படித்தான். அதற்காக யாரிடமும் பொறுத்தருளுமாறு வேண்டேன்.

நெஞ்சு நோயுற்று நெய்யூர் மருத்துவமனையில் கிடந்தபோது, கலவையின் அளவைக் கேட்டு ஆலையிலிருந்து ஒருவர் வந்தார். நான் அருகில் இருந்தேன்.

“அந்தக் கடுதாசியக் கிழிச்சாச்சா?” என்று கேட்டார் அண்ணன்.

வந்தவர் மறுபடியும் அளவையே கேட்டார். அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவ்வாரமே மறைந்தார்.

நெய்யூரில் மருந்தளித்தோர்க்கும், இரவல் வண்டியில் உடலை ஊர் சேர்த்த செல்லையாவுக்கும், பதினாறு நாளும் எங்கள் அடுப்பை எரியவிடாமல் சோறு கொணர்ந்த அயலார்க்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டுள்ளது.

எண்ணெயில் எத்தனை பங்கு காரீயம் இட்டார் என்பது தெரியாது. அவர் எங்கும் எழுதிவைக்கவில்லை. கடிதம் கிழிக்கப்பட்டதா என்பதும் தெரியாது.