உடையாத பித்தப்பை

மீன் வெட்டும்போது பித்தப்பை உடைந்தால் குழம்பு கசந்துபோகும். இது சமைக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆராய்ச்சியும் கெட்டுப்போகும் என்பது படித்தவர்களுக்குப் பட்ட பிறகுதான் தெரிந்தது. ஆற்று நீரைச் சோதிக்கும் ஆய்வகத்தில் கத்தி பிடித்தவர்கள் எல்லாம் பித்தப்பையைக் கிழித்துவைக்க, வாரக்கணக்கில் வேலை பாழ். கடைசியில் அங்கே ஆராய்ச்சி செய்யும் டாக்டரம்மா சந்தைக்கே வந்து, முப்பது ஆண்டுகளாக மீன் வெட்டும் கத்திக்காரரைக் கையோடு அழைத்துப்போனார்.

மாதம் ஒரு நாள் வேலை. ஆற்று மீனின் ஈரலை அலுங்காமல் எடுத்து, உடனே ஐஸில் வைக்க வேண்டும். தண்ணீரில் நஞ்சு கலந்தால் அதை முறிக்க ஈரலில் ஒரு நொதி கூடுமாம். நொதி ஏறினால் ஆறு கெட்டுவிட்டது என்று பொருள். பித்தம் பட்டாலோ நொதி செத்துவிடும். கெட்ட ஆறும் நல்ல ஆறாகத் தெரியும். இதையெல்லாம் கத்திக்காரர் வீட்டுக்கு வந்து பெருமையாக ஒப்பித்தார். அதுதான் வினையாகப் போயிற்று.

இரண்டு மாதமாக நொதியின் அளவு ஏறிக்கொண்டே வந்தது. இந்த முறையும் ஏறினால் ஆற்றில் மீன் பிடிக்கத் தடை என்று பேச்சு அடிபட்டது. அவர் மனைவி சந்தையில் விற்பது அந்த ஆற்று மீனைத்தான். காலையில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவரிடம் மெதுவாகச் சொன்னாள்.

"என்னங்க, கை தவறுறது மனுஷனுக்கு சகஜம்தானே?"

அவர் கத்தியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பாவம், வயிற்றில் அடி விழப்போகிறது என்றால் யார்தான் கேட்கமாட்டார்கள்?

ஆய்வகத்தில் இருபது மீன்கள் காத்திருந்தன. கத்தி நுனி லேசாகப் பட்டால் போதும், யாரும் சந்தேகப்படப் போவதில்லை. மனதுக்குள் முடிவும் செய்துவிட்டுத்தான் முதல் மீனைத் திறந்தார். ஆனால் ஈரல் கண்ணில் பட்டுவிட்டதே! வீங்கி, வெளிறி, தொட்டால் நைந்துவிடும் போல இருந்தது. சந்தையில் குடலோடு சேர்த்து வாளியில் வழித்துப் போடுகிறவர் இதையெல்லாம் என்றைக்குப் பார்த்தார்? வெள்ளைத் தட்டில் தனியாகக் கிடந்ததைப் பார்த்ததும் கத்தி நுனியைப் பித்தப்பையிலிருந்து தள்ளியே பிடித்தார். இருபதையும் பழுதில்லாமல் வெட்டிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும், "ஒண்ணுகூட உடையல" என்றார். அவள் முகம் சுருங்கியது. தட்டில் பார்த்ததை ஒளிக்காமல் சொன்னார். இனி கடை என்னாவது என்று பிடிபிடியென்று பிடிக்கப்போகிறாள் என நினைத்துத் தலைகுனிந்து நின்றார்.

அவள் கடையைப் பற்றிக் கேட்கவே இல்லை.

"எதிர்வீட்டுப் பொண்ணு, பிள்ளை பெத்த உடம்பு. நல்லா சாப்பிடுன்னு பத்து நாளா நானே மீனைக் கொண்டுபோய்க் குடுத்தேங்க. அவகிட்ட இப்ப என்னன்னு சொல்றது?"