பக்கத்து இருக்கையைப் பார்ப்பவர்

ஓட்டுநரை அவர் முதலில் பார்ப்பதே இல்லை. வண்டி நின்றதும் இரண்டு அடி முன்னால் வைத்து, இடுப்பை வளைத்து, பக்கத்து இருக்கையைப் பார்ப்பார். அப்புறம் பின் இருக்கை. பிக்கப் வண்டியாக இருந்தால் பின்னால் என்ன மூடிக் கிடக்கிறது என்று ஒரு நோட்டம். கடைசியில்தான் ஸ்டியரிங் பிடித்திருப்பவரின் முகம். "பத்து நிமிசம் ஆகும், எஞ்சின நிறுத்திக்கிங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் வண்டி எண் மனப்பாடமாகியிருக்கும்.

யூனிஸ் அக்காவுக்கு ஐம்பத்தொன்பது வயது. பதினாறாம் எண் நெடுஞ்சாலையில், மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே, கோடைதோறும் தார் போடுகிற இடத்தில் பலகை பிடிக்கிறார். ஒரு பக்கம் சிவப்பில் 'நில்', மறுபக்கம் மஞ்சளில் 'மெல்ல'. அவர் நிறுத்தி வைத்த வண்டிகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டு போய் மறுமுனையில் விடுவது என் வேலை. ஒன்பது கோடை இப்படிப் போயிருக்கிறது. நான் இந்தப் பழங்குடி ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். மூஸ் மான் கறி பழகிவிட்டது, ஆறு மாதப் பனி பழகிவிட்டது. யூனிஸ் அக்காவின் வாய் பழகத்தான் நாளாயிற்று.

வீடு மாதிரி நீண்ட வண்டியில் சுற்றுலா வந்த ஒரு வெள்ளைக்காரர், "இங்க கரடி பாக்கலாமா?" என்று ஆசையாகக் கேட்டார். "பாக்கலாம். நீங்க பாக்குறதுக்கு முன்னாடி அது உங்களப் பாத்திருக்கும்" என்றார் இவர். அந்த மனிதர் மறுமுனை வரை கண்ணாடியை இறக்கவேயில்லை. நான் போட்ட காப்பியைக் குடித்துவிட்டு அக்கா, "தார் டின்ன கழுவி ஊத்துனியா?" என்பார். இரண்டாவது கோப்பையும் கேட்பார். ஒருமுறை மேஸ்திரி வந்து, "அக்கா, நீங்க வண்டிய நிறுத்துனாப் போதும். சோதன போட வேணாம்" என்று குறைப்பட்டுக்கொண்டான். "நீ ரோட்டப் பாரு தம்பி. அதுல போறவனுகள நான் பாத்துக்கிறேன்" என்று அவனை அனுப்பிவிட்டார்.

பக்கத்து இருக்கையில் எங்கள் இனத்துப் பெண் ஒருத்தி இருந்துவிட்டால், பேச்செல்லாம் அவளோடுதான். "யாரு மக நீ? எந்த ஊருக்குப் போற?" பதில் வந்ததும் குரலைக் கொஞ்சம் உயர்த்துவார். "பத்தரை மணிக்கு யூனிஸ் பாத்தான்னு உங்கம்மாட்ட சொல்லு. வண்டி நெம்பரும் எங்கிட்ட இருக்குன்னு சொல்லு." அது அவளுக்குச் சொல்வது இல்லை, ஓட்டுகிறவன் காதில் விழத்தான். சிலருக்கு முகம் சுருங்கிப்போகும். அதற்காக அவர் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை.

அவருடைய தங்கை கோலெட், இருபத்தொன்பது வருடங்களுக்கு முன் ஒரு ஜூன் மாத மதியத்தில், பஸ்ஸைத் தவறவிட்டு, பெட்ரோல் பங்க் வாசலில் ஒரு பழுப்பு நிறப் பிக்கப்பில் ஏறினாள். இரண்டு பேர் பார்த்தார்கள். அதோடு சரி. அப்போது அவளுக்கு இருபத்து மூன்று வயது, மகள் ட்ரீனாவுக்கு இரண்டு. இந்தச் சாலையில் அப்படிப் போனவள் அவள் ஒருத்தி இல்லை. எங்கள் ஊரில் மட்டும் மூன்று பேர். ஒருத்தியின் உடல் வாய்க்காலில் கிடைத்தது, கொன்றவன் யாரென்று இன்று வரை தெரியாது. மற்ற இருவருக்கு அந்த உடலும் இல்லை. யூனிஸ் அக்கா பள்ளிக்கூடச் சமையல் வேலையை விட்டதற்கு இதுதான் காரணம். "சமையக்கட்டுல நின்னா யாரு வருவா? இங்கன்னா அத்தன பேரும் என் முன்னால நின்னுட்டுத்தான் போகணும்."

போலீஸைப் பற்றி அவரிடம் பேச்சுக் கொடுக்காமல் இருப்பது நல்லது. "மூணு நாலு வருசத்துக்கு ஒருத்தன் மாத்தலாகி வருவான். வந்ததும் தொப்பியக் கழட்டிட்டு, ஒரு போட்டோ குடுங்கம்பான். ஏழு போட்டோ போயிருச்சு. ஆல்பத்துல இப்ப அவ இல்ல, நாந்தான் இருக்கேன்."

எங்கள் ஊரில் பெயர் ஆளுக்குச் சொந்தமில்லை, வீட்டுக்குச் சொந்தம்; வீடு என்றால் தாய்வழி வந்த மொத்த வம்சமும். விருந்து மண்டபத்தில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு நாற்காலி உண்டு. ஒருவர் இறந்தால் விருந்து வைத்து, ஊர் சாட்சியாக, இறந்தவரின் போர்வையைப் போர்த்தி, அந்தப் பெயரை அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். கோலெட்டுக்கும் ஒரு பெயர் இருந்தது. அது இருபத்தொன்பது வருடமாக யார் மேலும் இல்லாமல் கிடந்தது. அவள் நாற்காலியில் யாரும் உட்காராதபடி யூனிஸ் அக்கா தன் கோட்டைப் போட்டு வைப்பார். வீட்டுக்குத் தலைவர் அக்காவின் தம்பி வால்டர்தான். ஆனாலும் கூடப்பிறந்த மூத்தவள் கையால்தான் போர்வை போட வேண்டும். வால்டர் கேட்கும்போதெல்லாம் அக்காவிடம் ஒரே பதில்தான்: "உடம்பக் காட்டு, பேரத் தரேன். நம்மளே செத்துட்டான்னு சொல்லிட்டா, அந்தப் போலீஸ்காரன் ஃபைல மூடிப் பரண்ல போட்டுருவான்."

போன ஏப்ரல் விருந்தில் ஒரு தப்பு நடந்தது. வருகிறவர்களைப் பெயர் சொல்லி அழைத்து உட்காரவைக்கும் வேலையை வேற்றூரிலிருந்து வந்த ஒரு புது மருமகனிடம் கொடுத்திருந்தார்கள். அவன் நாற்காலியில் கிடந்த கோட்டை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு, ட்ரீனாவை அவள் அம்மாவின் இடத்தில் உட்காரவைத்துவிட்டான். மண்டபமே திரும்பிப் பார்த்தது. இடம் மாறி உட்காரவைப்பது எங்களிடம் சின்னத் தப்பு இல்லை. வால்டர் மட்டும் மெதுவாக, "இருக்கட்டும்க்கா, தானா அமைஞ்சுது" என்றார். யூனிஸ் அக்கா எழுந்து போய், "எந்திரி" என்றார். தங்கை போனபின் தானே வளர்த்த பெண்ணிடம், அத்தனை பேர் முன்னால். எனக்கு அன்று அவர் மேல் கோபமே வந்தது. ட்ரீனா எழுந்தாள், கோட்டை எடுத்து அவளே நாற்காலியில் போட்டாள், வெளியே போனாள். டெரஸ் நகரத்தில் முதியோர் இல்லத்தில் அவளுக்கு வேலை. அதன்பிறகு நான்கு மாதம் இந்தப் பக்கமே வரவில்லை.

ஆகஸ்டில் கடலிலிருந்து ஆற்றுக்கு மீன் ஏறிவிட்டது. வீட்டில் உள்ளவர்கள் எங்கிருந்தாலும் மீன் அறுத்துப் புகைபோட வந்துவிடுவார்கள். ஒரு நாள் மதியம் விறகு ஏற்றிய பிக்கப் ஒன்று பலகைக்கு முன்னால் நின்றது. யூனிஸ் அக்கா வழக்கம்போல் குனிந்தார். நிமிரவில்லை. நான் வண்டியை விட்டு இறங்கி ஓடினேன்.

பக்கத்து இருக்கையில் ட்ரீனா.

"யாரு இந்த ஆளு?" என்றார் யூனிஸ் அக்கா.

"தெரியாது பெரிம்மா. கை காட்டுனேன், நிறுத்துனாரு."

"பஸ்சு?"

"வாரத்துக்கு மூணு நாளுதான் விடுறாங்க. இன்னிக்கு இல்ல. மீனு எனக்காகக் காத்துக்கிட்டு இருக்குமா?"

"இறங்கு."

ட்ரீனா இறங்கவில்லை. முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அம்மா சேர்ல உக்காந்தா எந்திரிங்கிற. வண்டில உக்காந்தா இறங்குங்கிற. நான் எங்கதான் உக்கார பெரிம்மா? ரெண்டு வயசுலேர்ந்து உனக்கு அவளத் தேடத்தான் நேரம். நான் இங்கதான இருக்கேன்."

விறகுக்காரர், பாவம், எதற்கு வம்பு என்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் ஹாரன் கேட்டது. யூனிஸ் அக்கா பலகையை என் கையில் கொடுத்துவிட்டு, கதவைத் திறந்து, ட்ரீனாவின் பையைத் தானே தூக்கிக்கொண்டார். இந்தமுறை அவள் இறங்கினாள். என் வண்டியில் கூட்டிக்கொண்டு போனேன்.

அந்த வாரமே யூனிஸ் அக்கா வால்டரிடம் சொன்னார். மீன் அறுத்துக்கொண்டிருந்த இடத்தில் நானும் இருந்தேன். "அக்டோபர்ல வச்சுக்க. பேர ட்ரீனாவுக்குக் குடு. செத்துட்டான்னு மட்டும் யாரும் வாயத் தொறக்கக் கூடாது."

"சொல்லாம எப்பிடிக்கா பேரு குடுக்குறது? இதுவரைக்கும் நடந்ததில்லையே."

"அது ஒன் பாடு."

வால்டர் இரண்டு மாதம் மற்ற வீட்டுத் தலைவர்களிடம் நடையாய் நடந்தார். அக்டோபர் விருந்தில், 'இன்னும் வீடு வந்து சேராதவள்' என்று சொல்லி ஆரம்பித்தார். யாரும் மறுக்கவில்லை. பெயரைச் சொன்னார். அதை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை. மண்டபம் முழுக்க நான்கு முறை திருப்பிச் சொன்னோம். கோலெட்டின் பொத்தான் தைத்த போர்வையை யூனிஸ் அக்கா ட்ரீனாவின் தோளில் போட்டு, கழுத்தடியில் முடிந்தார். ட்ரீனா நெட்டை, போர்வை முழங்காலோடு நின்றது. போர்த்தி முடித்தவர் தன் இடத்துக்குத் திரும்ப வேண்டும், அதுதான் முறை. அவர் திரும்பவில்லை. போர்வையின் இரண்டு ஓரங்களையும் இறுக்கிப் பிடித்தபடி நின்றார். மேளம் நின்றது. சூப் அண்டாக்கள் உள்ளே வந்துவிட்டன, பரிமாறுகிறவர்கள் கரண்டியோடு காத்திருந்தார்கள்.

வால்டர் பக்கத்தில் போய், "விடுக்கா" என்றார்.

"இரு" என்று பிடியை இன்னும் இறுக்கிக்கொண்டார் யூனிஸ் அக்கா.