புல்லக்கா விதைத்த முற்றம்

அந்த ஆஸ்பத்திரிக்கு யாரும் காய்ச்சல், இருமல் என்று வருவதில்லை. பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோனவர்கள், ஏணியிலிருந்து சறுக்கியவர்கள், இடுப்பெலும்பு மாற்றிக்கொண்டவர்கள் என்று எல்லாரும் மறுபடி நடக்கக் கற்றுக்கொள்ளத்தான் வருகிறார்கள். அறுபது வயதில் முதல் அடியிலிருந்து ஆரம்பிப்பது லேசுப்பட்ட காரியமா? அவர்கள் நடப்பதைப் பற்றிக் கவலைப்பட அங்கே பத்துப் பேர் இருந்தார்கள். அவர்கள் விழுவதைப் பற்றிக் கவலைப்பட்டவள் ஒருத்திதான். அவள் அங்கே தோட்டக்காரி. வருகைப் பதிவேட்டில் அவளுக்கு வேறு பெயர் இருந்திருக்கும். மற்ற எல்லாருக்கும் அவள் புல்லக்கா. அவளைவிட ஆறு வயது மூத்த பெரிய டாக்டரே அப்படித்தான் கூப்பிடுவார்.

கவலைக்குக் காரணம் ஒரு தையல்காரம்மா. இரண்டு வருடத்துக்கு முன்னால் வார்டு நடைபாதையில், வழவழவென்று துடைத்து வைத்திருந்த டைல்ஸ் தரையில், ஏழாவது அடியில் அந்த அம்மா விழுந்தாள். மணிக்கட்டு முறிந்தது. மணிக்கட்டு ஒன்றரை மாதத்தில் கூடிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு அவள் எழுந்து நிற்கவே மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். "தரையப் பார்த்தாலே கை வலிக்குதும்மா" என்று புல்லக்காவிடம் சொல்லிவிட்டு, சக்கர நாற்காலியிலேயே வீட்டுக்குப் போனாள். அன்றைக்கு வாசலில் நின்று வழியனுப்பியவளுக்கு அந்த வாக்கியம் தொண்டையில் முள்ளாகத் தங்கிவிட்டது.

வார்டுக்கும் சமையலறைக்கும் நடுவில் நாற்பதடிக்கு முப்பதடி முற்றம் ஒன்று சும்மா கிடந்தது. சும்மா என்றால், உடைந்த கட்டில்களும் முழங்கால் உயரக் களையும். அதற்குச் சிமெண்ட் போட்டுவிடலாம், நாற்காலிகள் உருள வசதி என்று பெரிய டாக்டர் முடிவு செய்திருந்தார். புல்தான் போட வேண்டும் என்று புல்லக்கா ஒற்றைக் காலில் நின்றாள். அந்த ஆஸ்பத்திரியில் அந்தச் சொல்லை யாரும் சாதாரணமாகச் சொல்லிவிட மாட்டார்கள், ஆனாலும் அவள் அப்படித்தான் நின்றாள்.

"சரி, இந்த மழை நிக்கறதுக்குள்ள எனக்குப் பச்சை தெரியணும். இல்லைன்னா சிமெண்ட்" என்றார் அவர்.

முதல் சண்டை விதையில் வந்தது. ஆஸ்பத்திரி ஸ்டோர்காரர் ஒரு மூட்டையை இறக்கினார். மூட்டையின் மேல் பச்சைப்பசேலென்ற புல்வெளியில் ஒரு குடும்பமே பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது. புல்லக்கா அந்தக் குடும்பத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மூட்டையைப் புரட்டி, தையலோடு சேர்த்துக் கட்டியிருந்த சின்னச் சீட்டைத் தேடி, கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள்.

"படத்த ஏண்ணே பாக்கறீங்க? முளைப்புச் சோதனை பண்ணி ரெண்டு வருஷம் ஆச்சுன்னு இதுல போட்டிருக்கு. களை விதை வேற கலந்திருக்கு. இத விதைச்சா நான் ஆயுசுக்கும் களை பிடுங்கிட்டே இருக்கணும்."

"புல்லுதானே? எதைப் போட்டாலும் முளைக்கும்!"

அவரிடம் வாயைக் கொடுப்பதில் பிரயோஜனம் இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஒரு பிடி எடுத்து, நூறு விதைகளை ஊசிமுனையால் தள்ளித் தள்ளி எண்ணி, ஈரத் துணியில் வரிசையாகப் பரப்பிச் சுருட்டி, சமையலறை ஜன்னலில் வைத்தாள். தினமும் தண்ணீர் தெளித்தாள். சமையல்காரர் கைதுடைக்க அந்தத் துணியை எடுக்கப் போய் இரண்டு முறை திட்டு வாங்கினார். பதினான்காம் நாள் ஸ்டோர்காரரைக் கூப்பிட்டுப் பிரித்துக் காட்டினாள். முளைத்தது முப்பத்தெட்டு.

"முப்பத்தெட்டு வந்திருக்கில்ல?"

"நூறு பேர் இங்க சேர்ந்து முப்பத்தெட்டுப் பேர்தான் நடந்து போனாங்கன்னா, இந்த ஆஸ்பத்திரிய இழுத்து மூடிடுவாங்கண்ணே."

மூட்டை திரும்பிப் போனது. அடுத்து அவளே நேரில் போய் விதை வாங்கிவந்தாள். முற்றத்தில் எங்கே எத்தனை மணி வரை வெயில் விழுகிறது என்று மூன்று நாள் குச்சி நட்டுப் பார்த்து, வெயில் பக்கத்துக்குப் படர்ந்து ஓடும் அருகம்புல், கட்டட நிழல் விழும் பக்கத்துக்கு அகல இலைப் புல் என்று பிரித்து வாங்கினாள். இரண்டையும் துணியில் சுருட்டிப் பார்த்தாள். தொண்ணூறுக்கு மேல் வந்தது. அதன் பிறகுதான் அவள் முகத்தில் சிரிப்பையே பார்க்க முடிந்தது.

பிறகு மண். கெட்டிக்காரி சறுக்கிய இடம் இதுதான். விழுகிறவர்களுக்கான மண் ஆயிற்றே என்று அவள் அதை மூன்று முறை கொத்தினாள். மக்கிய எருவைச் சலித்துப் போட்டாள். கட்டி ஒன்றுகூட இல்லாமல் விரலால் உதிர்த்தாள். காலை வைத்தால் கணுக்கால் வரை புதைந்தது. விதையை மணலோடு கலந்து பாதியை நீளவாட்டில், பாதியைக் குறுக்குவாட்டில் தூவி, மேலாகக் கிளறி மூடினாள். கொட்டகையில் மண்ணை அழுத்தும் உருளை ஒன்று இருந்தது. அதைத் தொடவே இல்லை. "அவங்க விழறதுக்குன்னு போடற மண்ணை நானே கல்லாக்குவேனா?" என்று கேட்டாள். முற்றத்தைச் சுற்றிக் கயிறு கட்டினாள்.

மறுநாளே கயிற்றுக்குள் குழிகுழியாகத் தடம். காவலாளியின் நாய்தான் என்று முடிவுகட்டி, காவலாளியைப் பிடிபிடியென்று பிடித்தாள். இரண்டு வாரம், தினமும் காலையில் நாய்க்கும் காவலாளிக்கும் சேர்த்து அர்ச்சனை நடந்தது. குழாய்த் தண்ணீர் விழுந்ததும் தடங்கள் மங்கிவிடும். மறுநாள் மறுபடி இருக்கும்.

இருபது நாள் ஆயிற்று. முற்றம் வெறுமையாகக் கிடந்தது. நிழலோரம் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில முளைகள், அவ்வளவுதான். "நீங்க பார்த்துப் பார்த்து எடுத்த விதைதானே?" என்று ஸ்டோர்காரர் ஒரு தரம்தான் கேட்டார். ஒரு தரமே போதுமானதாக இருந்தது. மழையும் ஓயத் தொடங்கியது. ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஒப்பந்தக்காரர் அளவுநாடாவோடு வந்து முற்றத்தை அளந்தார். பக்கத்தில் பெரிய டாக்டர். புல்லக்கா முகத்தில் ஈயாடவில்லை. யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்காமல் குனிந்து உட்கார்ந்தாள்.

உட்கார்ந்த உயரத்தில்தான் அது தெரிந்தது. வார்டு வராந்தாத் தூணிலிருந்து எதிர்க்கோடியிலிருந்த தண்ணீர்த் தொட்டியை நோக்கி, வெறும் மண்ணின் குறுக்கே, ஒரு பச்சை வரிசை. இடதுகால் பாதம் ஒன்று முழுசாக, அடர்த்தியாக, விரல்கள் உட்பட முளைத்திருந்தது. அதற்குப் பக்கத்தில் நீளமாக ஒரு பச்சைக் கோடு. மறுபடி பாதம், மறுபடி கோடு. கூடவே நாலு கால் ஊன்றுகோலின் நாலு நாலு புள்ளிகள். புள்ளிகளில்கூடப் புல்.

முதலில் ரத்தம் கொதித்தது. "எவன் என் மண்ணுல நடந்தது?" என்று கத்த வாயைத் திறந்தவள், அப்படியே மூடிக்கொண்டாள். மிதித்த இடத்தில் மட்டும் ஏன் முளைத்திருக்கிறது? பூப்போல உதிர்ந்த மண்ணில் விதையைப் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. தண்ணீர் வடிந்ததும் காய்ந்துவிட்டது. மிதிபட்ட இடத்தில் மண் விதையை இறுக்கிப் பிடித்து ஈரத்தை ஊட்டியிருக்கிறது. விதையில் குற்றமில்லை. தான் வைத்த பாசத்தில்தான் குற்றம். இத்தனை வருட வேலைக்குப் பிறகு இப்படி ஒரு தப்பு என்று நெஞ்சு சுட்டது. ஆனால் அதை மறைக்க அவள் நினைக்கவே இல்லை. அவள் சுபாவம் அப்படி.

அடுத்து அந்தப் பாதங்களைப் படித்தாள். இடதுகால் நன்றாக ஊன்றுகிறது, வலதுகால் இழுக்கிறது. வார்டின் கடைசிக் கட்டிலில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இருந்தார். 'என்னால நிக்கவே முடியல' என்று தினமும் சாதித்து, நடைப்பயிற்சி தரும் பெண்ணைக் கதறவிடுகிறவர். அவளை எல்லாரும் டீச்சர் என்பார்கள். வருகிற வாரம் தபால்காரரை நாற்காலியோடு வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தது.

புல்லக்கா நேராகக் கட்டிலுக்குப் போனாள். "என்னண்ணே, காலைத் தபால் தொட்டி வரைக்கும் போகுதாமே?"

அவர் சுவரைப் பார்த்தார். சுவரைப் பார்த்தபடியே, "உள்ள எல்லாரும் பார்க்கறாங்க தங்கச்சி. முப்பத்தஞ்சு வருஷம் நடந்தே பொழைச்சவன், இவங்க முன்னாடி தடுமாற வெக்கமா இருக்கு. அதான் விடியறதுக்கு முன்னாடி வந்து, தினமும் அதே தடத்துல கால வச்சு நடந்தேன். உன் மண்ணுல விழுந்தா அடிபடல. ஏழெட்டுத் தரம் விழுந்தேன். எந்திரிச்சுட்டேன்" என்றார். "கெடுத்துட்டேனா?"

"கெடுத்தது நான். நீங்க வந்து அதைக் காட்டிக் குடுங்க."

பெரிய டாக்டரையும் டீச்சரையும் முற்றத்தோரம் நிறுத்தி, அவள் தன் தப்பை உள்ளபடி சொன்னாள். தபால்காரர் தன் பச்சைத் தடத்துக்குப் பக்கத்தில் பதினோரு அடி நடந்தார். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டாள். பெரிய டாக்டர் குனிந்து அந்தப் பாதங்களைப் பார்த்துவிட்டு ஒப்பந்தக்காரரிடம், "நாடாவைச் சுருட்டுங்க. அடுத்த மாசம் பார்க்கலாம்" என்றார்.

இரண்டாம் விதைப்புக்கும் உருளை வெளியே வரவில்லை. விதை தூவிய மறுநாள் காலை, டீச்சர் முன்னால் நடக்க, வார்டே முற்றத்தில் இறங்கியது. ஊன்றுகோல்காரர்கள், நடைச்சட்டம் பிடித்தவர்கள், காலை இழுப்பவர்கள், ஆளுக்கு ஒரு வரிசை. அவர்களைப் போல நிதானமாக, ஒரு அங்குலம் விடாமல் மண்ணை அழுத்த எந்த எந்திரத்தாலும் முடியாது. "அவசரப்படாதீங்க, நல்லா மிதிங்க!" என்று புல்லக்கா கயிற்றோரம் நின்று அதட்டினாள். குதிகால் லேசாகப் பதிகிற அளவுக்கு மண் இறுகியதும் நிறுத்தச் சொன்னாள். நாய்க்கு ஒரு பாக்கெட் பிஸ்கட் வாங்கிப் போட்டு, காவலாளியிடம் மன்னிப்பும் கேட்டாள். பழைய பச்சைத் தடத்தை மட்டும் அவள் கொத்தவே இல்லை.

ஒன்பதாம் நாள் முற்றம் முழுக்கப் பச்சை ஓடியது. ஒன்றரை மாதத்தில் இரண்டு முறை வெட்டியாயிற்று. அதற்குள் அவள் தையல்காரம்மாவுக்கு மூன்று முறை போன் செய்திருந்தாள். "சும்மா பார்க்க வர்றேன். எறங்க மாட்டேன்" என்ற நிபந்தனையோடு அந்த அம்மா வந்து, வராந்தாவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

அன்றைக்குத் தபால்காரர் ஊன்றுகோலைத் தூணில் சாய்த்துவிட்டு முதல் முறையாக வெறுங்கையோடு இறங்கினார். பாதி வழியில் வலதுகால் மடங்கியது. பொத்தென்று விழுந்தார். வராந்தாவில் தையல்காரம்மா வீலென்று கத்தினாள். டீச்சர் ஓட எழுந்தாள்.

"யாரும் தூக்காதீங்க" என்றாள் புல்லக்கா.

அவர் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தார். பிறகு கையை ஊன்றி, முட்டி போட்டு, எழுந்து நின்றார். வேட்டி முட்டியில் பச்சைக் கறை. "தங்கச்சி, உன் புல்ல நசுக்கிட்டேனே!"

"அது எந்திரிச்சுக்கும். நீங்க நடங்க."

அவர் தொட்டியைத் தொட்டுத் திரும்பும்வரை தையல்காரம்மா கண்ணெடுக்கவில்லை. பிறகு குனிந்து, ஒரு கையால் மெதுவாகச் செருப்புகளைக் கழற்றி நாற்காலிக்குக் கீழே வைத்தாள்.

"என்னைக் கொஞ்சம் எறக்கி விடும்மா" என்றாள்.

புல்லக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, மண் படிந்த கையைப் புடவையில் தேய்த்துவிட்டு, அவளிடம் நீட்டினாள்.